சிங்காடாவா, சீனக் கிழங்கா, மக்கானாவா? வாங்கும் முன்னும் வளர்க்கும் முன்னும்

போன நவராத்திரிக்குச் சிங்கப்பூரிலிருந்து தங்கை போன் செய்தாள். "அக்கா, நீ சொன்ன மாதிரியே வாட்டர் செஸ்ட்நட் வாங்கித் துருவி நெய்யில வதக்கினேன். அல்வா சுருளவே மாட்டேங்குது. தண்ணியா விட்டுக்கிட்டே இருக்கு. வாயில போட்டா நறுக் நறுக்னு கடிபடுது." படம் அனுப்பச் சொன்னேன். தேக்கா சந்தையில் வாங்கினாளாம். சின்ன வெங்காயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, அரக்கு நிறத்தில், மேலே சேறு காய்ந்து ஒட்டிய உருண்டைக் கிழங்கு. நான் சொன்ன பொருளே அது இல்லை.

நான் சொன்னது சிங்காடா. ஜபல்பூரில் ஒன்பது வருஷம் இருந்தபோது, மழைக்காலம் முடிந்ததும் தெருவோரத்தில் சாக்கு விரித்துக் குவித்து வைப்பார்களே, இரண்டு பக்கமும் கொம்பு நீட்டிக்கொண்டு சின்ன மாட்டுத்தலை மாதிரி இருக்குமே, அந்தக் காய். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வாட்டர் செஸ்ட்நட் என்றே பெயர். இணையத்தில் அந்தப் பெயரைத் தேடினால் ஒன்றின் படத்தைப் போட்டு, இன்னொன்றின் சத்துக் கணக்கை எழுதி, மூன்றாவதான மக்கானாவின் பலன்களையும் சேர்த்துக் கொட்டியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவருக்கும் குழப்பம், குளத்தில் போடலாமா என்று யோசிக்கிறவருக்கும் குழப்பம். இந்த இரண்டு பேருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எது எது

சிங்காடா தண்ணீரில் மிதக்கும் ஓராண்டுச் செடி. தாவரவியலில் டிராபா நேட்டன்ஸ். வேர் சேற்றில் இருக்கும், கொடி மேலே ஏறி வரும், நீர்ப்பரப்பில் இலைகள் வட்டத் தட்டாக விரியும். ஒவ்வொரு இலைக்காம்பும் நடுவில் புடைத்திருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே பஞ்சு மாதிரி, முழுக்கக் காற்று. அதுதான் செடியை மிதக்க வைக்கிறது. வெள்ளைப் பூ பூத்ததும் காம்பு வளைந்து தண்ணீருக்குள் போய்விடும். காய் இலைத்தட்டுக்கு அடியில் தொங்கி முற்றும். வடமொழியில் சிருங்காடகம். சிருங்கம் என்றால் கொம்பு. வங்காளத்தில் இதற்குப் பானிபல், அதாவது தண்ணீர்ப் பழம். காஷ்மீரில் ஊலர் ஏரிக்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாக இதை ஏரியிலிருந்து அள்ளி, காயவைத்து மாவாக்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள்.

தங்கை வாங்கியது எலியோகாரிஸ் டல்சிஸ். கோரைக் குடும்பம். நம் வயல் வரப்பில் முளைக்கும் கோரைக்கிழங்குக்குத் தூரத்துச் சொந்தம். இலை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, குழல் குழலாகப் பச்சைத் தண்டுகள்தான் நிற்கும். கிழங்கு சேற்றுக்கு அடியில். சீனாவில் இதற்குக் குதிரைக் குளம்பு என்று பொருள்படும் பெயர் உண்டு. அங்கே குய்லின் பகுதிக் கிழங்குக்கு நல்ல பெயர். குவாங்சோ நகரத்துப் பான்டாங் என்ற இடத்தில் நீரில் விளையும் ஐந்து காய்களைச் சேர்த்து ஐந்து அழகிகள் மாதிரிப் பெருமையாகச் சொல்வார்கள். இந்தக் கிழங்கும் நம் சிங்காடாவின் சீன உறவுக்காரக் காயும் அந்த ஐந்துக்குள் இருக்கின்றன. ஒரே ஊர்க்காரர்களே இரண்டையும் தனித்தனிப் பெயரில் தனித்தனியாகச் சமைக்கிறார்கள், ஆங்கிலப் பெயர்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

மூன்றாவது மக்கானா. நம் ஊர்க் கடைகளில் தாமரை விதை என்று எழுதி விற்கும் வெள்ளைப் பொரி. அது தாமரை இல்லை. அல்லிக் குடும்பத்தில் யூரியேல் ஃபெராக்ஸ் என்ற முள் செடி. இலையின் இரண்டு பக்கமும் முள், காயிலும் முள். பீகாரின் மிதிலைப் பகுதிதான் இதற்குத் தாய்வீடு. மிதிலா மக்கானாவுக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இது வாட்டர் செஸ்ட்நட் இல்லை என்றாலும் அதே குளம், அதே விரத நாள், அதே கடை அலமாரி. அதனால் ஒப்பிடும்போது இதை விட முடியாது.

சமையலுக்கு எது

பச்சைச் சிங்காடாவுக்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் முடிவு. கிடைக்கிற ஊரில், கிடைக்கிற பருவத்தில் இருப்பவர் யோசிக்கவே வேண்டாம். வடக்கே செப்டம்பர் கடைசியில் வர ஆரம்பித்து, டிசம்பர் வரை தாராளமாகக் கிடைக்கும். முதலில் வருவது இளசு. தோல் பச்சையும் சிவப்புமாக இருக்கும், உள்ளே பால் வெள்ளையாகச் சாறு நிறைந்து இளநீர் வழுக்கையை நினைவுபடுத்தும். பிந்தி வருவது முற்றல், மாவுப் பதம். வாங்கும்போது கொம்பு ஓரத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். சட்டென்று இறங்கினால் இளசு, அப்படியே உரித்துத் தின்ன ஆசை வரும். (அந்த ஆசையை ஏன் அடக்க வேண்டும் என்று கீழே சொல்கிறேன்.) நகம் இறங்காமல் கல் மாதிரி இருந்தால் அவிக்க நல்லது. கையில் எடுத்தால் லேசாக இருக்கிறதா, தண்ணீரில் போட்டால் மிதக்கிறதா? அதை வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

எங்கள் தெருமுனையில் விற்ற அம்மா ஒரு பெரிய அலுமினியக் குண்டானில் உப்புப் போட்டுத் தோலோடு அவித்து வைத்திருப்பார். அவித்தால் தோல் கருகருவென்று ஆகிவிடும். ஒரு வளைந்த கத்தியால் கொம்பு இரண்டையும் சீவி, நடுவில் ஒரு கீறல் போட்டு, இலைத் தொன்னையில் போட்டுக் கொடுப்பார். பிதுக்கினால் பருப்பு முழுசாக வெளியே வரும். பனங்கிழங்கின் மாவும் பலாக்கொட்டையின் மணமும் கலந்த மாதிரி ஒரு ருசி. கூடவே பச்சை மிளகாய் கொத்தமல்லிச் சட்னி. சாயங்காலம் ஒரு தொன்னை தின்றால் ராத்திரிச் சாப்பாடு பாதி போதும். கைவிரல் கறை போக இரண்டு நாளாகும்.

சீனக் கிழங்கின் பெருமை வேறு. எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அதன் நறுக்கென்ற கடி போகாது. உருளைக்கிழங்கு வெந்தால் குழைகிறது, செல்லுக்குச் செல் ஒட்டு விட்டுப் போவதால். இந்தக் கிழங்கின் செல் சுவர்களில் ஃபெருலிக் அமிலம் என்ற ஒரு பொருள் கண்ணி போட்டுக் கட்டியிருப்பதால் சூட்டிலும் பிரிவதில்லை. தங்கையின் அல்வா சுருளாததற்குக் காரணமும் இதுதான். அல்வாவுக்கு ஆகாத அதே குணம்தான் வதக்கலுக்கும் கொழுக்கட்டைப் பூரணத்துக்கும் அருமையாக ஒத்துப்போகிறது. தாய்லாந்தில் இதைச் சின்னச் சின்னத் துண்டாக்கிச் சிவப்புச் சாயம் ஏற்றி, மரவள்ளி மாவில் புரட்டி வேகவைத்துத் தேங்காய்ப் பாலில் மிதக்கவிடுவார்கள். மாதுளை முத்து மாதிரி இருக்கும், பல்லில் படும்போது உள்ளே நறுக்கென்று உடையும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு அது புதுசில்லை.

அங்கே சேற்றோடு விற்கும் புதுக் கிழங்கு கிடைக்கும்போது டின்னை வாங்காதீர்கள். புதுசில் ஒரு மெல்லிய இனிப்பு உண்டு. டின்னில் அது கரைந்து போய் வெறும் கடி மட்டும்தான் மிஞ்சும். கிழங்கைச் சேற்றைக் கழுவாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். தோல் சீவியதும் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பழுப்பேறும். பச்சைச் சிங்காடா அப்படித் தாங்காது. இரண்டு மூன்று நாளில் சோர்ந்துவிடும்.

அப்புறம் சிங்காடா மாவு. வெளியூரில் இருக்கும் பெரும்பாலோருக்கு சிங்காடா என்றால் மாவுதான். சென்னையில் சௌகார்பேட்டைப் பக்கம் வடநாட்டு மளிகைக் கடைகளில் நவராத்திரி சமயத்தில் புதுசாக இறங்கும், அப்போது வாங்குவதே சரி. வடக்கே இது தானியம் அல்ல, பழம் என்ற கணக்கில் விரதத்துக்குச் சேர்த்தி. நிறம் மங்கிய வெள்ளை, லேசாகச் சாம்பல் ஓடும். விரலில் தேய்த்தால் சோள மாவு போல வழுக்காது, மிக மெல்லிய நறநறப்பு இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் காய்ந்த மண்ணும் பருப்பும் கலந்த வாசனை. சிக்கு வாசம் அடித்தாலோ நாக்கில் கசந்தாலோ பழைய சரக்கு. கோதுமைபோல் ஒட்டும் தன்மை கிடையாது. சப்பாத்தியாக இழுத்தால் விண்டு போகும். அவித்த உருளைக்கிழங்கு ஒன்றை மசித்துச் சேர்த்துப் பிசைந்தால் பூரியாகத் தட்டலாம். அல்வாவுக்கு ஒரு கிண்ணம் மாவு, முக்கால் கிண்ணம் நெய். நிதானமான தீயில் வறுக்க, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நிறம் மாறி நெய் பிரிந்து மேலே மினுங்கும். அப்போது கொதிக்கும் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினால் இரண்டு கிளறலில் சுருண்டுவிடும். அது நம் கேசரியைவிட வேகமானது, கண்ணை எடுக்கக் கூடாது.

மக்கானாவுக்குச் சமையலில் பெரிய வேலை இல்லை. நெய்யில் வறுத்து உப்பு மிளகுத் தூள் தூவலாம், பாயசத்தில் போடலாம். ஆனால் கெடாமல் இருப்பதிலும் தூக்கிப் போவதிலும் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் வர முடியாது. பயணத்துக்கும் அலுவலக மேசைக்கும் அதுதான்.

சத்துக் கணக்கு

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் பச்சைச் சிங்காடாவுக்கு 115 கலோரி, புரதம் 4.7 கிராம், மாவுப்பொருள் 23.3 கிராம் என்று இருக்கிறது. ஈரம் 70 சதவீதம். அமெரிக்க வேளாண் துறைக் கணக்கில் சீனக் கிழங்கு பச்சையாக 97 கலோரி, புரதம் 1.4 கிராம், மாவுப்பொருள் 24 கிராம், நார்ச்சத்து 3 கிராம். ஆக, மாவுப்பொருளில் இரண்டும் ஒன்றுதான், புரதத்தில் சிங்காடா மூன்று மடங்குக்கு மேல். சீனக் கிழங்கு ஜெயிக்கும் இடம் பொட்டாசியம். 100 கிராமில் 584 மில்லிகிராம், வாழைப்பழத்தைவிட அதிகம். ஆனால் அதே கிழங்கு டின்னில் அடைபட்டதும் பொட்டாசியம் 118க்கு இறங்கிவிடுகிறது. கலோரியும் பாதி. உரித்து வேகவைத்துத் தண்ணீரில் ஊறவைத்து விற்கும்போது கரையக்கூடியது எல்லாம் கரைந்து போகிறது. பொட்டாசியத்துக்காக டின் வாங்குகிறேன் என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால் புதுக் கிழங்கு வேண்டாம்.

காய்ந்த சிங்காடாவின் கணக்குதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. 330 கலோரி, புரதம் 13.4, மாவுப்பொருள் 68.9. அதே அட்டவணையில் முழுக்கோதுமை மாவு 341 கலோரி, புரதம் 12.1, மாவுப்பொருள் 69.4. ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். விரத நாளில் "இது லேசான சாப்பாடு, சர்க்கரை ஏறாது" என்று நாலு பூரியும் ஒரு கிண்ணம் அல்வாவும் சாப்பிடும் நீரிழிவுக்காரர்களை எனக்குத் தெரியும். அவர்கள் உண்பது கோதுமைக்குச் சமமான மாவுப்பொருள், அதோடு நெய்யும் சர்க்கரையும். அளவைக் குறைக்காமல் பொருளை மட்டும் மாற்றினால் உடம்புக்கு ஒன்றும் மிச்சமாகாது. இந்த மாவின் உண்மையான பலன் குளூட்டன் இல்லாதது. கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் நோய் உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் இது பெரிய வரம். ஆனால் கோதுமை அரைக்கும் அதே எந்திரத்தில் அரைத்த மாவாக இருந்தால் அந்த வரமும் போச்சு. காய்ந்த பருப்பாக வாங்கி வீட்டு மிக்ஸியில் பொடித்துச் சலிப்பது அவர்களுக்கு நல்லது.

சிங்காடாவில் அயோடின் நிறைய, தைராய்டுக்கு மருந்து என்று ஒரு பேச்சு ஓடுகிறது. செடியில் எவ்வளவு அயோடின் ஏறும் என்பது அது நின்ற தண்ணீரையும் மண்ணையும் பொறுத்தது. எந்தக் குளத்துக் காய் என்று தெரியாமல் அதை நம்பித் தைராய்டு மாத்திரையை விடுவது ஆபத்து. ஆயுர்வேதத்தில் இது குளிர்ச்சி, பித்தம் தணிக்கும், செரிக்க நேரமெடுக்கும் என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைசி வார்த்தை என் அனுபவத்தில் நூற்றுக்கு நூறு சரி. அதிகம் தின்றால் வயிறு உப்பி மலம் இறுகும்.

மக்கானாவுக்கு அதே அட்டவணையில் 347 கலோரி, புரதம் 9.7, மாவுப்பொருள் 76.9, கொழுப்பு 0.1 மட்டும். பொரியாக இருப்பதால் 30 கிராம் போட்டாலே கிண்ணம் நிறைந்துவிடும். வாய் கொறித்துக்கொண்டே இருக்கும், உள்ளே போவது நூற்றுச் சொச்சம் கலோரிதான். பலன் அந்தப் பருமனில் இருக்கிறது. புரதத்துக்காக என்றால் வேர்க்கடலை பல மடங்கு மலிவு, புரதமும் இரண்டரை மடங்கு.

பல்லால் உரிக்காதீர்கள்

மேலே விட்டுவைத்த விஷயம் இது. இதை உரக்கச் சொல்ல விரும்புகிறேன். சிங்காடாவும் சரி, சீனக் கிழங்கும் சரி, சேற்றுத் தண்ணீரில் விளைபவை. ஃபேசியோலாப்சிஸ் என்ற குடல் தட்டைப்புழு இந்தச் செடிகளின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மனிதர் அல்லது பன்றியின் மலம் குளத்தில் கலக்கும்போது முட்டை தண்ணீருக்கு வருகிறது, அதிலிருந்து வரும் புழு நத்தைக்குள் வளர்ந்து வெளியேறி, நீர்ச்செடிகளில் கண்ணுக்குத் தெரியாத கூடாக ஒட்டுகிறது. குழந்தைகள் காயைக் கடித்துத் தோலை உரிக்கும்போது அது வாய்க்குள் போய்விடுகிறது. குடலில் வளர்ந்தால் ஏழு சென்டிமீட்டர் வரை நீளும். வயிற்று வலி, பேதி, ரத்தசோகை, முகம் வீங்குதல். சீனா, தாய்லாந்து, வங்கதேசம் மட்டுமல்ல, நம் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இது இருக்கிறது. மருந்து உண்டு, குணமாகும். ஆனால் அவித்தாலே புழு செத்துவிடும் என்னும்போது அந்த மருந்து வரை ஏன் போக வேண்டும்?

குழந்தைகளுக்கு அவித்ததை மட்டுமே கொடுங்கள். பச்சையாகத்தான் வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்பட்டாலும் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, கத்தியால் சீவி, மறுபடி கழுவிச் சாப்பிடலாம். சாக்கடை கலக்கும் ஊர்க்குளத்துக் காயை அப்படியும் தொட வேண்டாம். இந்தச் செடிகள் தண்ணீரில் உள்ள ஈயம், காட்மியம் போன்றவற்றையும் உறிஞ்சி வைக்கும், அது அவித்தாலும் போகாது. புழு விஷயத்தில் மட்டும் மக்கானா பத்திரமானது. கொதிக்கும் சூட்டில் வறுத்துப் பொரிந்தே வருவதால் புழுப் பயம் இல்லை.

குளத்தில் போட எது

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் மக்கானாவுக்குத் தனி வாரியம் என்று அறிவித்ததும், ஜபல்பூரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த தமிழ்க் குடும்பத்துப் பையன் போன் செய்தான். ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்காக அங்கே போய் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். "ஆன்ட்டி, சிஹோரா பக்கம் ஒரு குளம் குத்தகைக்கு வருது. எல்லாரும் மக்கானா போடுன்றாங்க. போடலாமா?" எனக்கு விவசாயம் தெரியாது, ஆனால் அந்தப் பக்கத்தில் சிங்காடா போடும் தீமர் சமூகத்துப் பெரியவர் ஒருவரை இரண்டு பேருக்குமே தெரியும். அவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, மூவருமாக ஒரு மணி நேரம் பேசினோம்.

சிங்காடாவுக்கு முழங்காலுக்கு மேல் இடுப்பு, மார்பு வரை நிற்கும் தண்ணீர் போதும். ஜனவரி, பிப்ரவரியில் முளைவிட்ட விதையை ஒரு சின்ன நாற்றங்கால் குட்டையில் தூவுவார்கள். விதையைக் காயவிடவே கூடாது. எடுத்த நாளிலிருந்து தண்ணீரிலேயே வைத்து, தண்ணீரை அவ்வப்போது மாற்ற வேண்டும். காய்ந்தால் முளைக்காது. கோடையில் கொடி ஒரு மீட்டர் நீண்டதும், மழை விழுந்து பெரிய குளம் நிறையும்போது நடவு. கொடிகளைக் கற்றையாகச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, நுனியைக் கால் கட்டைவிரலால் சேற்றில் அழுத்திவிடுவார்கள். பெரியவரின் கட்டைவிரல் நகம் தேய்ந்து பாதிதான் இருக்கும். அக்டோபர் வாக்கில் முதல் பறிப்பு, பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்றாக மொத்தம் நாலு பறிப்பு. லாரி டியூபிலோ சின்னப் படகிலோ உட்கார்ந்து, இலைத்தட்டைத் தூக்கித் திருப்பி, முற்றிய காயை மட்டும் ஒடித்துக்கொண்டு தட்டை அப்படியே திரும்ப வைக்க வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஹெக்டேருக்கு 80 முதல் 100 குவிண்டால் பச்சைக் காய் எடுக்கலாம். காயவைத்துப் பருப்பாக்கினால் 17 முதல் 20 குவிண்டால். பச்சையாக விலை இறங்கும் வாரத்தில் காயவைத்துவிட்டு, அடுத்த நவராத்திரிக்கு விற்கலாம். சரக்கு அழுகிப் போகுமே என்ற பயத்தில் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியதில்லை, சிங்காடாவின் பெரிய வசதி இது.

தொல்லையும் உண்டு. சிங்காடா வண்டு என்றே ஒரு வண்டு இருக்கிறது. புழுவும் வண்டும் இலையைச் சல்லடையாக்கிவிடும். பூக்கும் முன் அவை தாக்கிவிட்டால் அந்த வருஷம் போனதுதான். ஊரார் குளிக்கும், மாடு குடிக்கும் குளத்தில் கண்டபடி மருந்தடிக்க முடியாது. முட்டை வைத்த இலைகளை ஆரம்பத்திலேயே ஆள் வைத்துக் கிள்ளி எடுப்பதுதான் வழி, அதற்குத் தினமும் குளத்தில் இறங்க வேண்டும். இலை பரப்பை மூடிவிடுவதால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். கட்லா, ரோகு சேர்ந்து வளர்க்கலாம் என்று கனவு காணக் கூடாது. காற்றைக் குடித்து வாழும் மாகுர் கெளுத்தி, தேளி மாதிரி மீன் சேரும்.

மக்கானாவில் பணம் அதிகம், மறுக்கவில்லை. ஒரு முறை போட்டால் கீழே தங்கும் விதையிலிருந்து அடுத்த வருஷம் தானே முளைக்கும். மிதிலைப் பகுதித் தர்பங்காவில் 2002இல் தொடங்கிய மக்கானா ஆராய்ச்சி மையம் வெளியிட்ட சுவர்ண வைதேகி ரகம் ஹெக்டேருக்கு 3 டன்னை ஒட்டி விதை தருகிறது. ஒரு அடித் தண்ணீர் கட்டிய வயலிலும் வளர்க்கும் முறையை அவர்கள் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் விதை வெடித்துக் குளத்தின் அடியில் விழும். மல்லா சமூகத்து ஆட்கள் மூழ்கி மூழ்கி, மூங்கில் கூடையால் சேற்றோடு வாரி அலசி எடுக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை: காயவைத்து, அளவு பிரித்து, இருமுறை வறுத்து, சுடச்சுட நாலைந்து விதையை எடுத்து மரக்கட்டையால் ஒரே அடி. சரியான நொடியில் அடித்தால் பொரியும், ஒரு நொடி பிந்தினால் கல். விதையின் எடையில் பாதிக்கும் குறைவாகத்தான் பொரி மிஞ்சும். இந்தக் கைவேலை மிதிலைக் குடும்பங்களில் இருக்கிறது. பீகாரிலேயே இருக்கும் பூர்ணியா, கட்டிஹார் பக்கத்துக்கே தர்பங்காவிலிருந்துதான் பொரிப்பவர்கள் போகிறார்கள். சிஹோராவில் பொரிக்க ஆள் யார்? விதையாக விற்றால் வியாபாரி சொன்ன விலைதான். பெரியவர் அதைச் சுருக்கமாகச் சொன்னார்: "பேட்டா, சிங்காடாவை நான் உரிச்சு விப்பேன். மக்கானாவை யாரு அடிப்பா?"

மிதிலையிலேயே நிலம் இருப்பவருக்கு இந்தக் கேள்வியே இல்லை. அங்கே வயல் மக்கானாவை ஆகஸ்ட் வாக்கில் எடுத்துவிட்டு, அதே தண்ணீரில் சிங்காடா நட்டுக் குளிர்காலத்தில் பறிக்கிறார்கள். இரண்டும் கிடைக்கும்.

சீனக் கிழங்கை இந்தியாவில் போடச் சொல்லி அவ்வப்போது காணொலிகள் வருகின்றன. நெல் வயல்போல் தண்ணீரைக் கட்டவும் வடிக்கவும் வசதி வேண்டும், பனி விழாத ஆறேழு மாதம் வேண்டும், கடைசியில் தண்ணீரை வடித்துச் சேற்றைக் கையால் துழாவிக் கிழங்கை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். விளைச்சல் எடையில் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வாங்க மண்டி இல்லை. சீன உணவகம் ஒன்றிரண்டோடு முன்கூட்டிப் பேசி வைத்தவர் கால் ஏக்கரில் பார்க்கலாம், அவ்வளவுதான்.

நம் ஊரில் ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்லைனில் சிங்காடா விதை வரவழைத்துத் தொட்டியிலோ சொந்தக் குட்டையிலோ வளருங்கள், தப்பில்லை. ஊர் ஏரியில் மட்டும் வீசிவிடாதீர்கள். இதே இனத்தை 1880களில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு ஏரியில் யாரோ விட்டார்கள். அது மோஹாக், ஹட்சன் ஆறுகள் வரை பரவி, இன்றும் வருஷா வருஷம் எந்திரம் வைத்தும் கையாலும் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். சேற்றில் கிடக்கும் விதை 12 வருஷம் வரைகூட முளைக்கும் திறனோடு இருக்கும். கொம்புக் காய் காலில் குத்தினால் செருப்பையும் தாண்டும்.

பையன் சிங்காடாவையே போட்டான். முதல் வருஷம் பாதிக் குளம் மட்டும், மீதியைத் தண்ணீருக்கும் மாட்டுக்கும் விட்டுவிட்டு. ஆகஸ்டில் வண்டு வந்தது. அவனும் பெரியவரின் மருமகளும் பத்து நாள் விடாமல் இறங்கி இலை கிள்ளினார்கள். அக்டோபர் மூன்றாம் வாரம் பார்சலில் ஒரு சின்ன மூட்டை வந்தது, ஈரச் சாக்கில் சுற்றி. மூன்று நாள் பயணத்தில் கால்வாசி கறுத்திருந்தது. மிச்சத்தை உப்புப் போட்டு அவித்தேன். தங்கைக்குப் படம் அனுப்பினேன், கொம்போடு சேர்த்து.